அப்பாவுக்கு நெகட்டிவ் வந்த நாள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் யார் கைபேசிக்கு எது வந்தாலும் வாசித்துச் சொல்வது என் வேலை. கொரோனா காலத்தில் அப்பாவின் பரிசோதனை முடிவையும் நான்தான் வாசித்தேன். "நெகட்டிவ். ஒண்ணும் இல்லப்பா."

மீமிசல் கரையில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்பவர் அப்பா. லேசான காய்ச்சல்தான், ஆனாலும் பரிசோதனைக்குச் சளி கொடுத்துவிட்டு, மீன்பெட்டி அடுக்கும் எதிர்க் கொட்டகையில் படுத்துக்கொண்டார். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்ற பயம். நான் வாசித்ததும் துள்ளி எழுந்து வந்து, நிலைப்படியில் நின்று, "இன்னைக்கு என்ன சமையலு?" என்றார்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். "நெத்திலிக் கருவாடு வறுக்கிறேன். தெருவே மூக்கப் பொத்திக்கிட்டுப் போகுது, ஒங்களுக்குத் தெரியலையா?"

நின்ற இடத்திலேயே மூச்சை இழுத்துப் பார்த்தார். கருவாட்டு வாடை அவருக்கு எட்டவே இல்லை. அக்காவைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வாசலில் இறங்கிவிட்டார்.

"அதான் இல்லைன்னு வந்துருச்சுல்லப்பா, வாங்க" என்றாள் அக்கா.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். "இல்லைன்னு வந்தா இல்லவே இல்லைன்னு அர்த்தமில்ல தம்பி. சீக்கிரமே எடுத்தா காட்டாமலும் போகும். தனியாவே இருக்கச் சொல்லுங்க, மறுபடி எடுப்போம்" என்றார்.

மறுபடி எடுத்ததில் பாசிட்டிவ்.

அப்பா அத்தனை பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பொழுது சாய்ந்தால் கொட்டகையிலிருந்து குரல் வரும்.

"மாத்திர போட்டியாத்தா?"

"போட்டேம்ப்பா!"

"காலு வீங்கியிருக்கா?"

"இல்லப்பா. நீங்க கத்துறதுல உள்ள ஒதைக்கிறான்!"

கடற்காற்று பாதி வார்த்தையை அள்ளிக்கொண்டு போய்விடும். மறுபடி கத்துவார்கள். இன்றும் மாலையில் காற்று எழும்பினால் அந்தக் கூப்பாட்டுக்காகக் காது ஏங்குகிறது.

தேறிய பிறகு நர்சம்மா வீட்டுக்குள் போகலாம் என்றார். அப்பா நகரவில்லை. "இந்தத் தடவ நிச்சயந்தானாடா?" என்று என்னைக் கேட்டார். நான் கைபேசியையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்காதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னும் ரெண்டு நாளு போனா ஒங்க பேரனே வந்து கூப்புடுவான். வாங்கப்பா."

வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் வழக்கம்போல ஒரு வார்த்தை பேசவில்லை.