மாமியார் எண்ணெய் போட்ட கம்ப்யூட்டர்

என் கணவர் வளைகுடாவுக்குப் போனபோது நான் மாசமாக இருந்தேன். மகளுக்குப் பல் முளைத்த பிறகும் அவர் அவளைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. "வெள்ளிக்கிழமை சினேகிதன் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருறேன், பிள்ளையைக் காட்டு" என்றார். அதற்காக ஒரு கம்ப்யூட்டரைத் திருச்சியில் பாகம் பாகமாக வாங்கிவந்து, டிப்ளமோ படித்த திமிரில் நானே மாட்டினேன். புத்தி கெட்டுப்போய்ச் செய்த வேலை.

ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறவே இல்லை. நீலத்திரையில் மஞ்சள் கோடு பாதிவரை வரும், ஏதோ ஒரு ஃபைலைக் காப்பி பண்ண முடியவில்லை என்று நிற்கும். மறுபடி போட்டால் வேறொரு ஃபைலில் நிற்கும். சி.டி.யை மாற்றினேன், அதே கதை. வயலில் மோட்டார் ஓடி வோல்டேஜ் இறங்குவதால்தான் இப்படி என்று மாமனாரிடம் போய் நின்றேன்.

"குறுவை நாத்து காயுதும்மா. உன் பொட்டி என்ன பயிரா?" என்று முனகிக்கொண்டே மோட்டாரை நிறுத்தினார். அப்போதும் கோடு நகரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமியார் செபமாலையோடு வந்தார்.

"ஏன்டி, இன்னுமா முடியல?"

"முடியல அத்தை. சனியன், உயிரை வாங்குது."

"சனியன்னு சொல்லாத. நீ மாட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுலயும் மந்திரிச்ச எண்ணெயால சிலுவை போட்டு வச்சிருக்கேன்."

அட ஆண்டவரே! எங்கள் வீட்டில் புது சைக்கிள், விதைநெல் மூட்டை, பிள்ளையின் நெற்றி, எதுவும் கோயில் எண்ணெய்க்குத் தப்பாது. பெட்டியைத் திறந்து, விரல் நீள மெமரி அட்டையைப் பிடுங்கினேன். பலகையில் செருகும் பொன்னிற விளிம்பு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அப்புறம் கரண்டு எப்படிச் சீராகப் பாயும்?

"இதுலயுமா அத்தை?"

"அது சின்னதா, பாவமா இருந்துச்சு. ரெண்டு தரம் போட்டேன்."

கத்த வாயெடுத்தேன், செபமாலையைப் பார்த்து அடங்கினேன். பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்து, மாட்டினேன். கோடு கடைசிவரை ஓடியது.

மறுநாள் திரையில் அவர் முகம் வந்தது. மகளை மடியில் தூக்கி வைத்தேன். சத்தமே இல்லை. இதுவும் போச்சா என்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி மாட்டினேன், மைக்கைத் தட்டினேன்.

"கேக்குதாங்க? ஏதாவது பேசித் தொலைங்களேன்!"

வயரில் ஒரு கோளாறும் இல்லை. மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.