தறிகள் நின்ற காலையில் ஒரு நேர்காணல்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு எங்கள் தெருவின் விசைத்தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மின்விசிறி ஓய்ந்தது. இணையப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

பத்து மணிக்கு அவளுக்கு நேர்காணல். மலேசியாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. கணினி வழியாகவே கேள்வி கேட்பார்கள். இரண்டு முறை நீட் எழுதியும் இங்கே எங்களுக்கு எட்டுகிற இடம் எதுவும் அமையவில்லை. இதுவும் போனால் இன்னொரு வருடம் அதே புத்தகங்கள், அதே அறை. அவள் தாங்கிக்கொள்வாளோ என்னவோ, நான் தாங்கமாட்டேன்.

ஒரு மாதமாக நான் வேறெதுவும் பேசவில்லை. கை நிதானத்தைச் சோதிப்பார்கள் என்று யாரோ சொன்னதால், நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்து அதில் கடைவாய்ப்பல் செதுக்கச் சொன்னேன். தலையணையில்கூட வெள்ளைத் தூள். சோறு போடும்போது கேள்வி, துணி மடிக்கும்போது கேள்வி. "அம்மா, சாப்பிட விடு" என்பாள். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன்.

தறிச்சத்தம் ஒன்றுதான் பயமாக இருந்தது. அதனால் முந்தின நாள் எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் போய், நாளைக்குப் பத்து மணிக்கு அரை மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நாளைக்கா? பேஷா நிப்பாட்டிருவோம். நம்ம தெருவுல ஒருத்தனும் ஓட்டமாட்டான், நிம்மதியாப் போங்க டீச்சர்" என்றார். இவ்வளவு நல்ல மனிதர்களோடு இத்தனை வருடம் ஒட்டாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

கரண்ட் போனதும் வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் தன் லோடு ஆட்டோமேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், ஊரே கப்சிப்புன்னு ஆயிருச்சா?"

"கரண்டும் போயிருச்சேண்ணே."

"இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புல்ல. சாயங்காலந்தான் வரும். அது தெரிஞ்சுதான் நீங்களும் இன்னைக்குன்னு கேக்குறீகன்னு நெனச்சேன்."

தறி ஓட்டுகிறவர்களுக்கு அந்த நாள் மனப்பாடம். எனக்குத் தெரியவில்லை. கரண்ட் இல்லாமல் நெட் இல்லை, வீட்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காமல் படம் அசையாமல் நின்றுவிடும் என்று மளமளவென்று சொன்னேன். அவள் அப்பாவோ விடிகாலையிலேயே மதுரைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

டீயைக் கீழே ஊற்றினார். "பாலவனத்தத்துல என் தங்கச்சி வீடு இருக்கு. அங்க வேற கரண்ட் லைனு. நெட்டும் இருக்கு. பாப்பாவக் கூப்பிடுங்க."

அவள் மடிக்கணினியோடு முன்னால் ஏறினாள். நான் பின்னால் நூல் மூட்டைகளுக்கு நடுவே. விருதுநகர் ரோட்டில் வெயில் அதற்குள் ஏறிவிட்டது. இருபக்கமும் கருவேலம், நடுவே காற்று. சும்மா இருக்க முடியவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு திறப்பில் வாயை வைத்துக் கத்தினேன்.

"டாக்டர் சீட் கெடச்சிருந்தா இதுக்கு வந்திருப்பியான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"சின்ன வயசுலருந்தே பல் மருத்துவந்தான் என் கனவு" என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். நான் எழுதிக்கொடுத்தது.

"என்ன டீச்சர் சொல்லுது பாப்பா?" என்றார் அவர். சொன்னேன்.

"சின்னப்பிள்ளையில எவன் பல்லப் பிடுங்கணும்னு கனா காங்கான்? எனக்கே நம்புறாப்புல இல்லையே."

மகள் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே" என்றேன்.

அவர் தங்கை, கேள்வி ஒன்றும் கேட்காமல் கட்டிலில் காயவைத்திருந்த மிளகாயை அள்ளி அறையைக் காலி செய்தார். இணைப்புக் கிடைத்தபோது பத்தாக இரண்டு நிமிடம். திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்தார். முதலில் மகளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைத்தான் பார்த்தார். உடன் இருப்பவர் தயவுசெய்து வெளியே போய்விட வேண்டும் என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"என்ன டீச்சர், உங்களையே கிளாஸுக்கு வெளிய நிப்பாட்டிட்டாகளா?"

கதவருகே போனேன், திரும்பினேன். ஆட்டோவைச் சுற்றினேன். உள்ளே அவள் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. ஒருமுறை நீண்ட அமைதி. மறந்துவிட்டாளோ, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கதவில் கைவைத்தேன். "சும்மா இருங்க டீச்சர்" என்றார் அவர். இந்தத் தடவை கேலியாகச் சொல்லவில்லை.

அந்த நேர்காணலின் முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. போன் மணி அடித்தால் இன்றும் முதலில் ஓடி எடுப்பது நான்தான்.

அன்று வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து அவள் வந்தாள். நெற்றியில் வேர்வை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள்.

"அதையேதாம்மா கேட்டாங்க. டாக்டர் சீட் கெடச்சிருந்தா வந்திருப்பியான்னு. வந்திருக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறந்தான் அவங்க என்கிட்ட பேசவே ஆரம்பிச்சாங்க."