நாலு மூலையிலும் மஞ்சள்

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. பிஸ்கோத்து டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒட்டியிருந்த பெரணி இலை, பூ, துணிக் காம்பு எல்லாவற்றையும் பூச்சி தின்றுவிட்டது. ஈயத்தாளில் வெட்டிய எழுத்துகளும் நாலு மூலையிலும் தடவிய மஞ்சளும்தான் மிச்சம். வெள்ளைக்காரன் காலம் நல்ல காலம் என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால், டின்னைத் திறந்து அவர்கள் மடியில் வைப்பேன்.

இலங்கையில், ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் துரை பங்களாவில் நான் கோக்கி; சமையல் என் வேலை. துரையின் மகனை வளர்த்தவள் ஆயாம்மா. துரைசாணி பெற்றதோடு சரி. பால் காய்ச்சியதும், பீ அள்ளியதும், காய்ச்சல் கண்டால் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்ததும் இவள்தான். பாபா என்றுதான் அவனைக் கூப்பிடுவோம்; அவனுக்கு இங்கிலீசுக்கு முன்னால் தமிழ் வந்தது. அதுவும் இவளுடைய தமிழ். அவனைச் சீமைக்குப் படிக்க அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும், கொழும்பு வரை வந்து கப்பலேற்றிவிடுகிறேன் என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றாள் துரைசாணி. அந்தச் சொல்லை ஆயாம்மா சத்தியமாக எடுத்துக்கொண்டாள். துரைசாணிமார் ஒருவருக்கொருவர் பூப்போட்ட அட்டை அனுப்பி நன்றி சொல்வதைப் பார்த்திருக்கிறாள். தானும் ஒன்று செய்து கொடுத்தால் மனம் இளகிக் காரில் ஏற்றிக்கொள்வார்கள் என்று நம்பினாள்.

சட்டை வந்த பெட்டியை வெட்டி அட்டையாக்கினாள். பெரணி இலையை என் அரிசி மூட்டைக்கு அடியில் நசுக்கிக் காயவைத்தாள். சாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவப்புப் பத்திரியைப் பூவாக விரித்து, நடுவில் தேயிலைப் பூவின் மஞ்சள் இழைகளை வைத்தாள். தன் சேலையின் பச்சைக் கரையைக் கிழித்துக் காம்பு செய்தாள். 'தேங்க் யூ' என்பதை ஆபீஸ் கிளாக்கர் பென்சிலால் எழுதிக் கொடுக்க, தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளில் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி ஒட்டினாள். பசைக்கு என் சோற்றுக் கஞ்சி.

"கோக்கி அண்ணே, கொஞ்சம் கெட்டியா காய்ச்சுங்க. ஒங்க சூப்பு மாதிரி ஓடுது."

"என் சூப்ப தொரையே குடிக்கிறாரு, ஒனக்கென்ன நோவு?"

கடைசியில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். "நல்ல காரியத்துக்குக் குடுக்குற தாளு. மஞ்ச வைக்காட்டி கருமாதி கடுதாசியாயிரும்" என்றாள்.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் விருந்தாளிகள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தாள். துரைசாணி இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். பூவைப் பார்க்கவில்லை, மூலையைத்தான் பார்த்தாள். "ஆயா, கை கழுவு இல்லே? கறி ஒட்டு!" எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அதை மகனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் மோந்து, மூக்கைச் சுளித்து, அட்சரம் பிசகாமல் சொன்னான்: "ச்சீ! நாத்தம்! பீ நாத்தம்!"

அவனுக்குக் குண்டி கழுவும்போதெல்லாம் அவள் கொஞ்சிச் சொன்ன வார்த்தை அது. விருந்தாளிகள் அர்த்தம் கேட்டார்கள். துரை சொன்னான். முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. மேசையில் சூடு படாமலிருக்க, அந்த அட்டையின் மேலேயே துரை தேநீர்க் கேத்தலைத் தூக்கி வைத்தான்.

காலையில் ஆயாம்மா சலவைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, மூட்டையோடு படியில் நின்றாள். காரில் அவளுக்கு இடமில்லை. முன்சீட்டில் நாய் உட்கார்ந்திருந்தது. பாபா நாயோடு விளையாடிக்கொண்டே போனான். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளே கங்காணி வந்து, "புள்ள இல்லாத ஊட்டுக்கு ஆயா என்னாத்துக்கு? கூடையத் தூக்குடீ" என்று மலைக்கு ஓட்டினான்.

குப்பையிலிருந்து எடுத்த அட்டையை அவளிடம் கொண்டுபோனேன். மலையில் அட்டைப்பூச்சி கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். வாங்கவில்லை. "பாத்தீங்களா அண்ணே, அந்த 'ச்சீ'! அப்புடியே நான் சொல்ற மாதிரி. சீமைக்குப் போனாலும் என் பேச்சு மறக்காது" என்று சிரித்தாள். எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

பாபாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவள் கொழுந்து பறித்தே செத்தாள்.

இன்றைக்கும் டின்னைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை. மஞ்சள் அன்று தடவியபடியே இருக்கிறது. நடுவில், பூ இருந்த இடத்தில், கேத்தலின் அடி கருவட்டமாகப் பதிந்திருக்கிறது. அந்த அட்டையில் கறை என்றால் அது ஒன்றுதான்.