மாணிக்கம் பிள்ளை கேட்காத ஒலி

மாணிக்கம் பிள்ளை இறந்துவிட்டார் என்ற செய்தி புதன்கிழமை மத்தியானம் மலாக்கா பண்டார் ஹிலிர் காப்பிக்கடையில் எனக்குக் கிடைத்தது. சொன்னவர் எங்களோடு தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். "நல்ல மனுசன்லா, யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சதில்ல" என்றார். இதே வாய்தான் ஒரு காலத்தில் அவரைத் தெருவில் மறித்து, "என்ன பிள்ளை, மேலேர்ந்து தந்தி ஏதும் வந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு வழி செய்தவன் நான். அவரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மாணிக்கம் அண்ணன் காஜா பேராங் செட்டிக் குடும்பத்தவர், பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறி மலாய் பேசத் தொடங்கிய தமிழர் வழி. வீட்டில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம். தமிழில் 'அண்ணே', 'தம்பி' என்று சில சொற்கள் தெரியும், எழுத்து தெரியாது. தந்தியில் ஒரு சொல் சரியாக விழவில்லை என்றால் ஊகித்து எழுத மாட்டார், மறுபடி அனுப்பச் சொல்வார். "தாக் தாவ், சாக்காப் தாக் தாவ்" என்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்றாம் வருடம் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. வானில் ஏதோ ஒரு பொருள் பூமியை நெருங்கி வருகிறது. யாரோ செய்து அனுப்பியதுதான், ஆனால் எந்த நாடும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலகம் இரண்டுபட்டது. "ரஷ்யாக்காரன் வேலை" என்றார்கள் சிலர். "வேற கிரகத்துலேர்ந்து வேவு பாக்க வர்றாங்க" என்றார்கள் மற்றவர்கள். மாணிக்கம் அண்ணன் வீட்டு ரேடியோவில் மூன்று சாயங்காலம் காது வைத்துக் கேட்டார். வெறும் இரைச்சல். "ஏதாவது ராக்கெட்டோட உடைஞ்ச துண்டா இருக்கலாம் தம்பி. என்னன்னு யாருக்கும் தெரியாது" என்று என்னிடம் மலாயில் சொன்னார்.

அலுவலக வேலை போக, நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதிநேர மலாக்கா நிருபர். என் செய்திகள் உள்பக்கத்தில் நாலு வரிக்கு மேல் வந்ததில்லை. 'வானிலிருந்து மர்ம ஒலி: மலாக்கா தந்தி ஊழியர் கேட்டார்' என்று எழுதி, அவர் பெயரையும் போட்டு அனுப்பினேன். முதல் பக்கத்தில் வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். "என் பேர் எங்க?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டுப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்கக் கொண்டுவந்த அவசரகாலம் இன்னும் முடியாத நேரம் அது. இரண்டே நாளில் போலீஸார் வந்து அவர் ரேடியோவை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் திரும்பவிருந்த வெள்ளைக்காரத் தலைமை அதிகாரியின் நாற்காலி மாணிக்கம் அண்ணனுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வேளையில் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "அவர் மலாயில் சொன்னார், நான் தமிழில் எழுதினேன்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து அமைத்த வாக்கியம் அது. நாற்காலி வேறொருவருக்குப் போனது. மாணிக்கம் அண்ணனை ஊருக்கு வெளியே ஒரு சின்ன அஞ்சலகத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே முத்திரை குத்தினார்.

அதன்பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு போட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தமிழ் தெரியாதவர், அவருக்கு விஷயம் எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது அவர் மனைவி கமலம் அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். "அந்தப் பேப்பரை அவர் அன்னிக்கே கோயில் குருக்கள்கிட்ட கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டார்" என்றார் மலாயில்.

"தெரிஞ்சுமா அக்கா விசாரணையில சும்மா இருந்தார்?"

"நானும் கேட்டேன். உன் பேரைச் சொன்னா உன் வேலையும் போயிடும்னார். 'நந்தி டியா டாத்தாங்'னார்."

பிறகு அவனே வருவான். வந்து சொல்வான் என்று அர்த்தம். வருடா வருடம் வந்தேன், சாப்பிட்டேன், கை கழுவிக்கொண்டு போனேன்.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய பெருந்தன்மையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக இதை எழுதினேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் என்மேல் வைத்த அந்த எதிர்பார்ப்பு ஒன்றுதான். தாமதமாகத்தான் வந்திருக்கிறேன் அண்ணே. நீங்கள் எந்த ஒலியையும் கேட்கவில்லை. கேட்டதாக எழுதியவன் நான்.