சாய்ந்த லாட்ஜும் பச்சைக் கோலிக்குண்டும்

எங்கள் லாட்ஜில் கோலிக்குண்டு தானாக ஓடும். யாரும் தள்ள வேண்டாம், ஊத வேண்டாம். பின்சுவர் ஓரமாக வைத்துவிட்டுக் கையை எடுத்தால் போதும். முதலில் சற்று யோசிக்கும், பிறகு மெல்ல நகரும், நடை முழுக்க உருண்டு வேகம் பிடித்து, அப்பாவின் மேசையைத் தாண்டி வாசல்படியில் போய் டக்கென்று முட்டும். குற்றாலத்தில் எத்தனையோ லாட்ஜ் இருக்கிறது. எதில் இப்படி ஓடும், சொல்லுங்கள் பார்ப்போம்! சாரல் காலத்தில் வந்து தங்குகிற பிள்ளைகள் அருவிக்குப் போன நேரம் போக மீதி நேரமெல்லாம் என்னோடுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நடைக்கு நான்தான் ராணி.

அப்பா பட்டாளத்திலிருந்து வந்த கையோடு, இலஞ்சிக்குப் போகிற வழியில் ஒரு வயலை வாங்கி மண்ணடித்துக் கட்டிய லாட்ஜ் அது. பட்டாளத்துக்காரருக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். போர்வை மடிப்பு நேராக, செருப்பு வரிசை நேராக, என் தலை வகிடு நேராக. அப்பேர்ப்பட்ட மனுஷனின் கட்டடம் தெருவைப் பார்த்துச் சாய்ந்தது என்றால் அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! கோடையில் சுவரில் விரிசல் விழும். சீசனுக்கு ஆள் வருமே என்று வைகாசியில் சிமெண்ட் வைத்து அடைத்து, பெயிண்ட் அடித்து, இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பார். அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று பெரிதாக விழும். மாடியில் ஓர் அறைக் கதவு நிலையோடு இறுகிப்போய், அப்பா தோளால் முட்டியும் திறக்கவில்லை.

பெரியப்பா வந்தால் காபியைக் குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். "ஏலே, சொன்னாக் கேளு. இடிச்சுப் போட்டுட்டு மனையா வித்துரு. பொண்டாட்டி பிள்ளையோட இதுக்குள்ளயே குடியிருக்கியே, உனக்குப் பயமா இல்லியா?" அப்பா சிமெண்ட் சட்டியோடு விரிசலைப் பார்க்கப் போய்விடுவார். கடைசியில் ஒருநாள், இந்தச் சாரலுக்குள் நிமிர்த்தாவிட்டால் இடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கோ வேறு கவலை. இடித்துவிட்டால் என் கோலிக்குண்டு எங்கே ஓடும்?

நாங்கள் குடியிருந்தது கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில். உள்ளறை விசாலமாக, மின்விசிறியோடு சும்மா கிடக்கும். அம்மா ஒருநாளும் அங்கே பாய் விரித்ததில்லை. தெருவாசலை ஒட்டி விரித்து, என்னை வாசல்படிப் பக்கம் போட்டுக்கொண்டு படுப்பாள். "இங்கனதான் காத்து வரும்" என்பாள். சாரல் அடிக்கும் ராத்திரிகளில் முகத்தில் தூறல் விழும். எனக்கு அது கொண்டாட்டம். எப்போது முழித்தாலும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தூங்கலையா என்றால், புழுக்கம் என்பாள்.

பங்குனியில் தென்காசியிலிருந்து இன்ஜினியர் அக்கா ஒருத்தி ஸ்கூட்டரில் வந்தாள். சுவரைத் தட்டினாள், விரிசலுக்குள் ஸ்கேலை விட்டுப் பார்த்தாள். நான் விளையாடுவதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். "உன் குண்டை எல்லா ரூம்லயும் விட்டுக் காட்டுதியா?" என்று கேட்டாள். கேட்க வேண்டுமா! அறை அறையாக அழைத்துப்போனேன். குண்டு ஓடிய திசையிலெல்லாம் அவள் சாக்பீஸால் அம்புக்குறி போட்டாள். அத்தனை அம்பும் தெருவைப் பார்த்தன.

பிறகு அவள் அப்பாவிடம் கேட்டாள்: "இங்க தங்கி எண்ணெய்க் குளியல் குளிக்கிறவங்க தண்ணியெல்லாம் எங்க சார் போவுது?"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "பின்னால தென்னைக்குத்தான் போவுது. சொட்டுத் தண்ணி வீணாக்க மாட்டோம்லா!"

அந்தத் தென்னை பின்சுவரை ஒட்டிக் குலை குலையாகக் காய்த்து நிற்கும். ஊரே மூக்கில் விரல் வைக்கும். அக்கா அதை அண்ணாந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். "சார், கீழ இருக்கது களிமண்ணு. நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். பின்பக்கம் வருஷம் பூரா நனையுது. முன்பக்கம் கோடையில காய்ஞ்சு இறங்குது. கோடையில விழுத விரிசல்ல நீங்க சிமெண்ட வச்சு அடைச்சிருதீங்க. சாரல்ல மண்ணு உப்பி வந்து சுவர் சேரப் பாத்தா, இடம் எங்க இருக்கு? அதான் பக்கத்துல பிளக்குது."

அப்பாவின் முகத்தைப் பார்க்கணுமே! பாவம், தென்னையும் சிமெண்ட் பூச்சுமாகத் தான் பெருமைப்பட்ட இரண்டும் தனக்கே வினையாகிவிட்டதே என்று மனுஷன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே குழாய் போட்டுக் குளியல் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினார். தென்னைக்கு இனி மழைதான்.

அதற்குப் பிறகு நடந்தது இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு லாரி நிறைய ஜாக்கி வந்து இறங்கியது! வண்டிக்கு டயர் மாற்ற முட்டுக் கொடுப்பார்களே, அதேதான். ஆனால் கனத்த ஜாதி. கூடவே வடக்கேயிருந்து ஆட்கள். முன்சுவரின் அடியில் துண்டு துண்டாகத் தோண்டி, இரும்பு உத்தரம் நுழைத்து, அதன் கீழே ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். கட்டடத்தைத் தூக்கப் போகிறார்களாம்! பள்ளிக்கூடத்தில் சொன்னேன், ஒருத்தியும் நம்பவில்லை. "புளுகாதட்டி" என்று சிரித்தார்கள்.

தூக்கிய அன்று தெருவே கூடிவிட்டது. ஐந்தருவிக்குப் போகிற வேன்காரர்கள்கூட ஓரங்கட்டி நின்றார்கள். வந்த ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் தெருவில் அப்பாவை விட்டால் இந்தி தெரிந்தவர் கிடையாது. அப்பா பழைய பட்டாள விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் ஒரு ஊது ஊதினால் அத்தனை ஜாக்கியும் ஒரே நேரத்தில் கால் சுற்று திரும்ப வேண்டும். ஒன்று முந்தினாலும் சுவர் பிளந்துவிடும். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன், "தீரே! தீரே!" என்று, அதாவது மெதுவா மெதுவா என்று, கத்திக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியதைப் பார்த்து நான் குதித்தேன். அம்மா எதிர்ச்சாரியில் சாமி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது. கட்டடத்தை அவள் பார்க்கவே இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில். கால் சுற்று. விசில். கால் சுற்று. உள்ளே எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம்! கூட்டம் "ஐயோ" என்று பின்வாங்கியது. அப்பா கையைத் தூக்க, எல்லோரும் சிலையாக நின்றார்கள். மேலே பார்த்தால், இறுகிக் கிடந்த மாடி அறைக் கதவு, யாரும் தொடாமலே, மெதுவாக ஆ என்று திறந்துகொண்டது.

"ஏ யப்பா, பேயி!" என்றார் பெரியப்பா.

"பேய் இல்ல, நிலை நேராவுது!" என்று இன்ஜினியர் அக்கா கீழேயிருந்து கத்தினாள். தெருவே சிரித்துக் கைதட்டியது. அப்பா மறுபடி விசிலை வாயில் வைத்தார்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. தூக்கிய இடத்தில் முட்டுக் கட்டி கான்கிரீட்டும் போட்டு முடிக்க அதற்கப்புறம் பல நாள் ஆனது. அன்றைக்கே அக்கா, தண்ணீர் நிரப்பிய டியூபை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பிடித்துப் பார்த்துவிட்டு, "லெவல் சார். இனி பயமில்ல, உள்ள போலாம்" என்றாள். அப்பாவுக்குத் திருப்தியில்லை. "ஏட்டி, உன் குண்ட எடுத்துட்டு வா" என்றார்.

பின்சுவர் ஓரம் என் பச்சைக் கோலிக்குண்டை வைத்தேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையை எடுத்தேன். குண்டு யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. நகரவே இல்லை!

நான் ஓவென்று அழுதுவிட்டேன். இத்தனை பேர் சேர்ந்து என் விளையாட்டைக் கெடுத்துவிட்டார்களே! பெரியப்பா என்னைத் தூக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

சாப்பிட்டு முடித்தபோது அந்த வருஷத்தின் முதல் சாரல் பொடிப்பொடியாக விழத் தொடங்கியது. அம்மா பாயை எடுத்தாள். வாசலுக்கு வரவில்லை. நேரே உள்ளறைக்குப் போய், கடைசி மூலையில், சுவரை ஒட்டி விரித்தாள்.

"இங்கன காத்தே வராதேம்மா" என்றேன்.

"வராட்டிப் போவுது" என்று சொல்லித் தலையைச் சாய்த்தாள். சாய்த்ததும் தூங்கிப்போனாள். சற்று நேரத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடினேன்.

"அப்பா, அம்மா குறட்டை விடுதா!"

அப்பா நம்பாமல் வந்து எட்டிப் பார்த்தார். "சத்தம் போடாதட்டி" என்று உதட்டில் விரல் வைத்தார். பிறகு சேறு படிந்த கால்களோடு, கழுத்தில் விசிலோடு, அறைவாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஆட்கள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு குறட்டையை இவ்வளவு ஆசையாக உட்கார்ந்து கேட்கிற ஆளும் உண்டா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.