என் உதடு கூப்பிட்ட பெயர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக் கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரமும் கிடையாது. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில், என்னோடு இன்னும் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவன் இன்றைக்கும் திண்டுக்கல்லில்தான் இருக்கிறான், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனந்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சேவுகம்பட்டிக்காரன், கல்யாண வீடியோ எடுப்பவன். எல்லாரும் மேடையைச் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது இவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவான். ஒரு கல்யாணத்தில், பெண்ணை அனுப்பிவிட்டு அவளுடைய அப்பா தனியாக மண்டபத்துக்குள் நடந்து ஒவ்வொரு ஃபேனாக அணைக்கிறதை எடுத்திருந்தான். வேறு ஒன்றுமில்லை, ஒரு மனுஷன் ஃபேன் அணைக்கிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பமே உட்கார்ந்து அழுதது. அப்படிப்பட்ட கண் அவனுக்கு.

எங்கள் கடைக்குக் கல்யாணக் கூட்டத்தோடு வந்தவன், வரிசையை மீறி வந்த ஒரு ஆளை நான் திட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கூட்டம் குறைந்ததும் வந்து, "அக்கா, நீங்க கோவப்படுறப்ப மூஞ்சி பொய் சொல்ல மாட்டேங்குது. என் படத்துல நடிக்கிறீங்களா?" என்றான். அவனையும் திட்டித்தான் அனுப்பினேன். விடாமல் வந்து கேட்டு, கடைசியில் என் வீட்டுக்காரரிடமே சம்மதம் வாங்கிவிட்டான்.

பணம் போட்டுப் படம் எடுக்க முன்வந்தவர் ஒரு ரைஸ் மில்லுக்காரர். முன்வந்தவர் என்று சொல்லவே வாய் கூசுகிறது. வருஷக்கணக்காக அவர் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றையும் ஆனந்தை எடுக்க வைத்து, அப்புறம்தான் சரி என்றார். படப்பிடிப்பின்போது ஆனந்துக்குக் காய்ச்சல். கேமராவுக்குப் பின்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறான், பல் தந்தியடிக்கிறது. "ரெண்டு நாள் நிறுத்துவோம்யா" என்று நான் கத்தினேன். மில்லுக்காரர், "இப்ப நிறுத்துனா மறுபடி ஆரம்பிக்க மாட்டேன், அம்புட்டுத்தேன்" என்று சொல்லிவிட்டார். ஆனந்து என்னைக் கையமர்த்திவிட்டு எடுத்தான். கடைசி ஷாட் முடிந்த அன்றே மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. முப்பது வயதுகூட ஆகாதவன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் அதுதான் வருகிறது.

சில மாதம் கழித்து டப்பிங் பேசக் கூப்பிட்டார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் சின்ன ஸ்டுடியோ. ரஃபீக் என்ற தம்பிதான் அங்கே ஒலிப்பதிவு செய்பவன். காலை நேரம். உள்ளே போனதும் சுவரில் பட போஸ்டரைப் பார்த்தேன். 'எழுத்து, இயக்கம்' என்று போட்டு மில்லுக்காரரின் மகன் பெயர். படப்பிடிப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத பையன். ஆனந்தின் பெயர் கீழே, நன்றி என்ற இடத்தில், எறும்பு சைஸில்.

மகன் அங்கேயே சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"இதென்ன தம்பி, யாரு எடுத்த படத்துக்கு யாரு பேரு?"

"அவருதான் இல்லையேக்கா. நாளைக்கு நாலு எடத்துல போயி பேசறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

"அப்ப நான் பேசல. வேற ஆளப் பாத்துக்கங்க."

"பாத்துக்கிறோம்க்கா. மதுரைல குரல் குடுக்கிறவங்களா இல்ல?"

கையில் கிடைத்ததை எடுத்து அவன் மேல் எறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். படத்தில் இருக்கிற என் முகம் ஆனந்து செதுக்கியது. அதற்கு வேறு யாரோ வந்து பேசினால் அதுவும் களவுதானே. பல்லைக் கடித்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன்.

படத்தில் எனக்குத் தாய் வேஷம். காணாமல் போன மகனை வெங்காயக் காட்டு வரப்பில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற காட்சிதான் படத்தின் உயிர். மகன் பெயர் முத்து. மற்ற காட்சிகளையெல்லாம் பேசிவிட்டு அதற்கு வந்தோம். திரையில் என் முகம் பெரிதாகத் தெரிகிறது, கூடவே ஹெட்போனில் படப்பிடிப்பில் பதிவான என் பழைய குரல். அதைக் கேட்டுக்கொண்டே உதடு அசைவதற்குச் சரியாகப் பேச வேண்டும். "முத்து!" என்று கூப்பிட்டேன்.

"அக்கா, உதட்டோட ஒட்டலை. இன்னொருக்கா போவோம்" என்றான் ரஃபீக்.

மறுபடி கூப்பிட்டேன். ஒட்டவில்லை. எத்தனை தரம் பேசியும் ஒட்டவில்லை. ரஃபீக் சத்தத்தை முன்னே தள்ளினான், பின்னே தள்ளினான், அப்புறம் படத்தை மெதுவாக ஓடவிட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

நீங்களே கண்ணாடி முன்னால் நின்று முத்து என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உதடு இரண்டும் மூடித்தான் திறக்கும். 'மு' என்ற எழுத்துக்கு வேறு வழியே இல்லை. திரையில் என் உதடு மூடவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே வாய் அகலமாகத் திறக்கிறது, நாக்கு மேலே போய் ஒட்டுகிறது. ஹெட்போனில் என் குரல் முத்து என்கிறது, என் வாய் வேறு எதையோ சொல்கிறது.

ஆனந்து அந்தக் காட்சியைப் பல தரம் எடுத்திருந்தான். ரஃபீக் அத்தனையையும் போட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் அப்படியே.

"யா அல்லா" என்றான் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, "ஷூட்டிங்ல என்ன பேருக்கா சொன்னீங்க?" என்றான்.

"முத்துன்னுதான்யா சொன்னேன். நீயுந்தான கேக்குற!"

சோபாவில் இருந்த மகன் கடுப்பாகி, "ரெண்டு பேரும் சேந்து வெளாடுறீங்களா? ஒரு பேரக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல" என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. போஸ்டரைக் காட்டி, "பேரப் பத்தி நீ பேசுறியா?" என்று கத்திவிட்டு மைக் பக்கம் திரும்பினேன். திரையில் என் வாய் திறந்துகொண்டிருந்தது. நான் யோசிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து, "ஆனந்து!" என்று கத்தினேன்.

ஒட்டிவிட்டது. இம்மி பிசகவில்லை. ஒரு எழுத்து முன்னே பின்னே இல்லை.

ரஃபீக் அதையே மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். மில்லுக்காரர் மகன் எழுந்து வெளியே போய் அவன் அப்பாவுக்குப் போன் போட்டான். அந்தக் காட்சியைத் தூக்கிவிடச் சொன்னார்கள். "தூக்குனா படமே இல்ல தம்பி" என்று ரஃபீக் சொல்லிவிட்டான். கடைசியில் மில்லுக்காரர், "பேரு என்னவா இருந்தா என்ன, முடிச்சு விடுங்கப்பா" என்றார். மற்ற இடங்களில் முத்து என்ற பெயர் வரும்போதெல்லாம் நான் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசியிருந்தேன். அங்கேயும் மாற்றிப் பேசினேன். அவர்கள் அழித்த பெயர் படம் முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது.

திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாகப் போட்டார்கள். வாசலில் மில்லுக்காரர் மகனுக்கு ஆளுயர ஃப்ளெக்ஸ். ஆனந்தின் அம்மாவுக்கு யாரும் சொல்லவே இல்லை. நான்தான் சேவுகம்பட்டிக்குப் போய் டவுன் பஸ்ஸில் கூட்டி வந்தேன். அவருக்குப் பல வருஷமாக இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

படம் முழுக்க அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்புக் காட்சி வந்தது. திரையில் நான் கூப்பிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உதட்டைப் படிக்கத் தெரிந்தவர், மகன் பெயர் புரியாமலா இருக்கும், அதில் ஒரு அதிசயமும் இல்லை. அடுத்தது வெறும் வெங்காயக் காடு. ஆள் கிடையாது, வசனம் கிடையாது, இசைகூட வேண்டாம் என்று ஆனந்து சொல்லியிருந்தான். தியேட்டரே அமைதியாக இருந்தது.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பி, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "வாரேங்கிறான் தாயி" என்றார்.

நான்கு வரிசை திரும்பிப் பார்த்தது. நான் அவர் பக்கம் குனிந்து, "யாரும்மா?" என்றேன். இருட்டில் என் உதடு அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பதில் சொன்னார்.

"ஆனந்துதேன். காதுல நல்லா விழுந்துச்சு."

படம் முடிந்து மில்லுக்காரர் மகனை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "படத்த எடுத்தவன் அவனில்ல, இந்தா ஒக்காந்திருக்காகளே, இவுக பெத்த மகன்!" என்று கத்தினேன். கொஞ்சம் பேர் எனக்காகக் குரல் கொடுத்தார்கள். அப்புறம் மைக்கில் பாட்டைப் போட்டு எங்களை அமுக்கிவிட்டார்கள். படம் இப்போது நெட்டில் இருக்கிறது, அதே களவாணிப் பெயரோடு.

ரஃபீக்கிடம் கேட்டேன், வெறும் காடு வருகிற இடத்தில் ஏதாவது குரல் கலந்திருக்கிறதா என்று. காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தான். நானும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். காற்றுதான்.

போன வாரம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். மத்தியான நேரம். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் படத்தை ஓடவிட்டிருந்தார், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவைத்து. நான் வந்தது அவருக்குத் தெரியாது. வரப்புக் காட்சி வந்தது, என் வாய் திறந்து மூடியது, காடு வந்தது. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, சோற்றைப் போட்டுவைத்துக் காத்திருக்கிற எந்தத் தாயும் எரிந்து விழுகிற மாதிரி, போனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"எம்புட்டு நாளாடா வாரேன் வாரேங்கிற?"

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.