பிரகதீஸ்வரியின் கறுப்புப் பொட்டு

குப்பியை ஜன்னல் வெயிலுக்கு நேராகத் தூக்கி, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்க்கிறாள் பிரகதீஸ்வரி. உள்ளே கரைந்திருக்கும் பாலிமரில் ஒரு திப்பிகூட இல்லை. குலுக்குகிறாள், மறுபடி பார்க்கிறாள். திருப்தியானதும் மார்க்கரைத் திறந்து, குழந்தை கன்னத்தில் வைப்பதுபோல மூடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. "கண்ணு பட்டுரும்ல!"

யார் கண்ணாம்? இந்த ஆய்வகத்தில் அவளையும் எங்கள் கைடு ரகுநாத் சாரையும் விட்டால் இருப்பது நான் ஒருத்திதான்.

கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்குகிறவள். புதுக்கோட்டையில் இந்தக் கல்லூரியில் நானும் அவளும் ஒன்றாகத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். கண்ணாடியில் மைபோலப் பூசினால் வெயிலைக் கரண்ட்டாக்கும் பிளாஸ்டிக், அதாவது பாலிமர், அதைச் செய்வதுதான் எங்கள் வேலை. டிபன் டப்பாவில் எப்போதும் அவர்கள் தோப்பு முந்திரி இருக்கும். முழுப் பருப்பாகப் பொறுக்கி எனக்குத் தள்ளிவிட்டு, உடைசலை அவள் தின்பாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். கெட்டிக்காரியாக இருப்பது போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா?

மூலக்கூறுகளை அவள் வரைவது பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில். நீளமாக ஒரு சங்கிலி. அதில் பக்கவாட்டில் தொங்கும் கிளைகளுக்கு அவள் வைத்த பெயர் சடை. "சடை குட்டையா இருந்தா கரையாதுடி சத்யா, கட்டிகட்டியா நிக்கும். ரொம்ப நீட்டுனா கரண்டு போக வழியில்லாமப் போயிரும்" என்பாள். எவ்வளவு நீட்டுவது என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ பிடிபட்டுவிடுகிறது. நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது, குப்பியின் அடியில் கட்டிதட்டிக் கிடக்கும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த முறை எங்கள் இரண்டு பாலிமரில் ஒன்றை மட்டும்தான் சென்னையில் ஒரு ஆய்வகத்தில் சோலார் செல்லாகச் செய்து, கரண்ட் எவ்வளவு வருகிறதென்று அளந்து தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். அளவு வந்தால்தான் கட்டுரை எழுத முடியும், கட்டுரை வந்தால்தான் பட்டம். சார் இரண்டையும் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தார். அவளுடையது வழவழவென்று ஒரே சீராகப் படிந்தது. என்னுடையது ரவை தூவின மாதிரி சொரசொரவென்று நின்றது.

"பிரகதியோடதே போகட்டும். நீ அடுத்த தடவ பாரும்மா சத்யா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அடுத்த தடவை எப்போது வருமென்று அவருக்கே தெரியாது.

"சந்தோஷம்டி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பார்சல் கட்டிக்கொண்டிருந்தவள் அதை அப்படியே போட்டுவிட்டு, என் குப்பியை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. என் பாலிமர் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்ட நீலம். அவளுடைய சிவப்புப் பாலிமர் பிடிக்காமல் விட்டுவிடும் வெளிச்சத்தையும் இது சேர்த்துக் குடித்துவிடும். வெகுநேரம் பார்த்தபடி நின்றாள்.

"நானும் எப்படியெப்படியோ மாத்திப் பாத்துட்டேன், இந்தக் கலரு எனக்கு வரவே மாட்டேங்குதுடி. ஒன்னோடதப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

சொல்லிவிட்டு மார்க்கரை எடுத்தாள். என் குப்பியின் மூடியில், தன்னுடையதில் வைத்ததைவிடப் பெரிதாக, ஒரு பொட்டு வைத்தாள்.